மலைநாட்டுச் சித்திர ஆசான் டேவிட் பெயின்டர் (1900–1975)

பள்ளி நாட்களில் சித்திரக் கொப்பியில் நாம் எல்லோரும் வரைந்த படம் ஒன்று உண்டு. முக்கோணமாய் இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையடியில் வளைந்து வரும் ஆறு, ஆற்றங்கரையில் ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை. உடப்புசல்லாவைக் குளிரில் தென்னை ஏது? வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலை எதுவும் முக்கோணமாகவும் இல்லை. அங்கே கொழுந்தெடுக்கும் பெண்களின் வரிசை இருந்தது, லயத்துத் தகரக் கூரை இருந்தது, ஸ்டோரின் பல மாடி ஜன்னல்கள் இருந்தன, மலையை மறைத்து இறங்கும் பனிமூட்டம் இருந்தது. அவற்றை நாம் வரையவில்லை. பெண்ணொருத்தியை வரைந்தால் அவள் முகத்துக்குப் பெஸ்டல் பெட்டியில் இருந்த இளஞ்சிவப்பைத்தான் பூசினோம். நம் அம்மாவின் நிறத்தைத் தேடி எடுக்கவில்லை.

சங்கத்தின் நூற்றாண்டு மலரில் டேவிட் பெயின்டரின் வாழ்க்கையை எழுத நினைத்ததற்கு இதுவே காரணம். அவர் நம் பள்ளியில் படித்தவரும் அல்லர், படிப்பித்தவரும் அல்லர். ஆனால் நமக்கு அடுத்த ஊரான நுவரெலியாவில் வளர்ந்தவர். இலங்கையின் பேர்பெற்ற ஓவியர்களுள் ஒருவர். நாட்டின் சித்திர ஆசிரியர் பலரை உருவாக்கிய கல்லூரிக்குத் தலைமை தாங்கியவர். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மண்ணின் முகமும் இந்த மண்ணின் நிறமும் பெரிய சித்திரத்துக்கு உரியவை என்று பள்ளிப் பிள்ளைகள் தினமும் பார்க்கும் சுவரிலேயே வரைந்து காட்டியவர்.

பெயின்டர் என்பது அவர் செய்த தொழிலைக் குறித்து வந்த பட்டம் அல்ல, குடும்பப் பெயர். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவது ஒரு வேடிக்கைப் பொருத்தம்.

டேவிட் 1900ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் திகதி இமயமலை அடிவாரத்திலுள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தை ஆர்னல்ட் பெயின்டர் ஆங்கிலேயர். தாய் அனகி வீரசூரிய தென்னிலங்கைச் சிங்களக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இருவரும் கிறிஸ்தவ ஊழியத்தில் இணைந்தவர்கள். ஆங்கிலேயர் ஒருவர் இந்நாட்டுப் பெண்ணை முறையாக மணந்து, அவரோடு ஒரே வீட்டில், ஒரே பணியில் வாழ்வது அந்தக் காலத்தில் அரிது. வெள்ளையர் சமூகத்திலும் உள்ளூர்ச் சமூகத்திலும் அதற்கு எளிதில் இடம் கிடைத்திராது. டேவிட் சிறு பிள்ளையாக இருந்தபோதே குடும்பம் நுவரெலியாவுக்கு வந்தது. அங்கே ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஓர் இல்லத்தைப் பெற்றோர் நடத்தினார்கள். பெயின்டர் இல்லம் என்றே மலைநாட்டில் அது அறியப்பட்டது.

அந்த இல்லத்துப் பிள்ளைகளுள் தோட்டத்துரைமாருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்து, துரைமார் பெயர் கொடுக்காமல் விட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவர் டேவிட். அவர்களுக்கு இல்லாமற்போன தகப்பன் பெயர் இவருக்கு இருந்தது. முகச்சாயலில் பெரிய வேறுபாடு இருந்திராது. பின்னாளில் அவர் மனித உருவத்தை, அதிலும் மாநிற உடலை, அத்தனை கவனத்தோடும் மதிப்போடும் வரைந்ததைப் பார்க்கும்போது இந்தச் சிறுவயது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

அவர் சிறுவனாக இருந்த நாட்களில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை சின்ன ரயில் ஓடியது. இரண்டடி ஆறங்குல அகலப் பாதை. தேயிலைப் பெட்டிகளை இறக்கவும் அரிசி மூட்டைகளை ஏற்றிவரவும் போடப்பட்ட அதற்கு உடப்புசல்லாவைப் பாதை என்றே பெயர். 1940களில் அது மூடப்பட்டது. நம் பாட்டிமார் சிலர் அந்த ரயிலைக் கண்டவர்கள். அந்தப் புகையும் அந்தக் குளிரும் பெயின்டர் வளர்ந்த சூழலிலும் இருந்தன.

பள்ளிப் படிப்புக்கு அவரை உதகமண்டலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பிரீக்ஸ் நினைவுப் பள்ளியில் படித்தார். நீலகிரியின் முதல் ஆணையராக இருந்த பிரீக்ஸ் என்பவரின் நினைவாக 1874இல் தொடங்கப்பட்ட பள்ளி அது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் கப்பலேறி, கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் மறுபடியும் தேயிலைக் காட்டிலேயே வாழத் தொடங்கிய நம் சகோதரிகளுக்கு உதகமண்டலம் அடுத்த ஊர். நுவரெலியாவுக்கும் நீலகிரிக்கும் இடையிலான வழியில் அவர்களுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பையன் பெட்டியோடு போயிருக்கிறான் என்று அவர்கள் அறிந்தால் மகிழ்வார்கள்.

பின்பு கண்டி திரித்துவக் கல்லூரி. 1904 முதல் 1924 வரை அங்கே அதிபராக இருந்தவர் ஏ. ஜி. பிரேசர். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் தாய்மொழியை மறந்துவிடக்கூடாது என்று சிங்களத்தையும் தமிழையும் பாடமாக்கியவர். சொந்த நாட்டைப் பற்றி வெட்கப்படும் பிள்ளைகளை வளர்ப்பது கல்வி ஆகாது என்பது அவருடைய எண்ணம். அத்தகைய பள்ளியில் டேவிடின் கைத்திறன் வெளிப்பட்டது. அங்கிருந்து புலமைப்பரிசில் பெற்று லண்டன் ரோயல் அக்கடமி ஓவியப் பள்ளிக்குப் போனார். அங்கே தங்கப் பதக்கமும், வெளிநாடு சென்று ஓவியம் பயில்வதற்கான எட்வர்ட் ஸ்டொட் புலமைப்பரிசிலும் அவருக்குக் கிடைத்தன. அந்தப் பணத்தில் இத்தாலிக்குச் சென்று, தேவாலயச் சுவர்களில் இருந்த பழைய ஓவியங்களை நேரில் கண்டு கற்றார்.

இத்தாலியில் அவர் கண்டது அழகை மட்டும் அல்ல. அந்தச் சுவர்களில் இருந்த மரியாளும் சீடர்களும் இத்தாலிய முகத்தோடு, இத்தாலிய மலைகளுக்கு முன்னால் நின்றார்கள். அந்த ஊர் ஓவியர்கள் தங்கள் தெருவில் பார்த்த மனிதர்களையே வேதாகமக் கதைக்குள் நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் செய்ததை அப்படியே கொப்பி செய்தால் இத்தாலிய முகம் வரும். அவர்கள் செய்த விதத்தில் செய்தால் இலங்கை முகம் வரும். பெயின்டர் இரண்டாவது வழியை எடுத்தார்.

1920களின் நடுப்பகுதியில் அவர் நாடு திரும்பினார். அப்போது திரித்துவக் கல்லூரியில் புதிய ஆலயம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. 1923இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1935இல் அர்ப்பணிக்கப்பட்டது அது. உப அதிபர் எல். ஜே. காஸ்டர் அதை ஆங்கிலக் கோயில் போல அமைக்கவில்லை. பழைய கண்டி மண்டபங்களைப் போல, பக்கச் சுவர் இல்லாமல், செதுக்கிய கருங்கல் தூண்களின் மேல் கூரை நிற்கும்படி அமைத்தார். அந்த ஆலயத்துக்குப் பெயின்டர் சுவரோவியங்கள் வரைந்தார். தன் மக்கள் இருவருக்கும் உயர்ந்த ஆசனம் கேட்டு வரும் தாய், சீடர்களின் கால்களைக் கழுவும் இயேசு, நல்ல சமாரியன், சிலுவை மரணம் ஆகியவை அவற்றின் பொருள்கள்.

அந்தச் சித்திரங்களில் இருப்பவர்கள் இந்நாட்டு மக்கள். உடல் மாநிறம். தசையும் எலும்பும் வேலை செய்து பழகிய மனிதருடையவை. பின்னால் தெரியும் நிலமும் மரமும் இலங்கையின் நிலமும் மரமும். அக்காலத்து ஞாயிறு பள்ளிப் படங்களில் பொன்னிற முடியும் நீலக் கண்ணும் கொண்ட இயேசுவையே பிள்ளைகள் கண்டிருந்தார்கள். நம் வீட்டு நாட்காட்டிகளிலும் வெகுகாலம் அந்த முகமே இருந்தது. துரையின் நிறத்தில் கடவுளும், கூலியின் நிறத்தில் நாமும் என்று ஒரு பிள்ளை தானாகவே கணக்குப் போட்டுக்கொள்ளும் காலத்தில், ஒரு பள்ளிக்கூடச் சுவரில் அந்தக் கணக்கை மாற்றி எழுதினார் பெயின்டர்.

இந்தச் சுவரோவியங்களை முதலில் பார்த்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஐந்து வயதில் எல்லாப் பிள்ளைகளும் வரைவார்கள். ஏழாம், எட்டாம் வகுப்பில் கண் முதிர்ந்துவிடுகிறது. தான் வரைந்த கை கையைப் போல இல்லை என்று தெரிகிறது. ஆனால் கைக்கு இன்னும் பழக்கம் வரவில்லை. அந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில்தான் பெரும்பாலான பிள்ளைகள் தனக்கு வரைய வராது என்று சொல்லிக் கொப்பியை மூடுகிறார்கள். பிறகு ஆயுளுக்கும் திறப்பதில்லை. அந்த வயதில் பிள்ளைக்கு வேண்டியது இரண்டு: எப்படிப் பார்ப்பது என்று பொறுமையாய்ச் சொல்லித்தரும் ஓர் ஆசிரியர், தான் பார்ப்பவை வரையத் தக்கவை என்ற நம்பிக்கை.

அக்காலத்து வகுப்பறையில் இவை கிடைப்பது கடினம். சித்திரப் பாடம் என்றால் கூம்பும் கனசதுரமும் பூச்சாடியும். கரும்பலகையில் இருப்பதை அளவு பிசகாமல் கொப்பி செய்வதே திறமை. இந்த வழக்கத்தை மாற்ற முயன்றவர்களும் நம் நாட்டில் இருந்தார்கள். 1920இல் சித்திரப் பரிசோதகராக வந்த சி. எப். வின்சர் என்ற ஆங்கிலேயர் இந்நாட்டுக் கலை மரபை மதித்துப் போற்றினார். அவருக்குப் பின் 1930களில் அப்பொறுப்பை ஏற்ற ஜெப்ரி பெலிங் தாமே ஓவியர். பிள்ளைகள் மனதில் கண்டதை வரையட்டும் என்று பாடத்தின் போக்கை மாற்றினார். யாழ்ப்பாணத்தில் ஓவியர் எஸ். ஆர். கனகசபை 1938இல் தொடங்கிய கழகத்துக்கு வின்சரின் பெயரையே வைத்தார்கள்.

ஏறத்தாழ இதே காலத்தில் இங்கிலாந்தில் டட்லி என்ற ஊரின் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் மேரியன் ரிச்சட்சன் என்ற இளம் சித்திர ஆசிரியை இதே சிக்கலோடு போராடினார். அவர் மாணவியரைக் கண்ணை மூடச் சொல்வார். ஊர்த் தெருவையோ கடைவீதியையோ சொற்களால் விவரிப்பார். மனதில் படம் தெளிந்த பிறகு கண்ணைத் திறந்து வரையச் சொல்வார். சுரங்கமும் இரும்பு ஆலையும் நிறைந்த கரிபிடித்த ஊர்ப் பிள்ளைகள் அவர்கள். தங்கள் ஊரையே அவர்கள் வரைந்த விதம் லண்டன் விமர்சகர்களை வியக்க வைத்தது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் சுரங்க ஊர்ப் பிள்ளைக்கும் தேவை ஒன்றாகவே இருந்திருக்கிறது.

பெயின்டர் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு நேரே பாடம் நடத்தியதால் அல்ல, அவர்களுக்குப் பாடம் நடத்தப்போகிறவர்களைப் பயிற்றியதால்தான் இந்த வரலாற்றில் இடம் பெறுகிறார். கொழும்பில் ஹேவூட் என்று எல்லோரும் அழைத்த அரசினர் கவின்கலைக் கல்லூரிக்கு அவர் தலைமை தாங்கினார். சிங்களரும் தமிழரும் பிறரும் அங்கே அவரிடம் பயின்று, நாடெங்கும் பாடசாலைகளுக்குச் சித்திர ஆசிரியர்களாகப் போனார்கள்.

1943இல் கொழும்பில் புதுமை ஓவியர்கள் சேர்ந்து 43 குழுவை அமைத்தபோது பெயின்டர் அதில் இல்லை. பெலிங் அதில் இருந்தார். பெயின்டர் பழைய ரோயல் அக்கடமி முறையை விடாதவர், உருவத்தை உள்ளபடி வரைபவர் என்று அவரை ஒருபுறம் வைத்துப் பேசியவர்களும் உண்டு. புதுமையின் பக்கம் நின்றவர்களுக்கு அவர்களுடைய நியாயம் இருந்தது. ஆனால் ஆசிரியராகப் பார்க்கும்போது பெயின்டரின் முறைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. தோள் எங்கே கழுத்தோடு சேர்கிறது, ஒளி எந்தப் பக்கம் விழுகிறது, நிழலில் மாநிறம் எப்படி நீலம் காட்டுகிறது என்று பார்க்கப் பழகியவரால்தான், கொப்பியை மூடப்போகும் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பிழை எங்கே என்று காட்ட முடியும். மனம்போல் வரை என்று விட்டுவிடுவது சின்னப் பிள்ளைக்குப் போதும். வளர்ந்த பிள்ளைக்குப் போதாது.

அவரிடம் பயின்ற தமிழர்களுள் அ. மாற்குவைத் தனியே குறிப்பிட வேண்டும். 1933இல் குருநகரில் பிறந்த மாற்கு வடக்கில் பாடசாலைச் சித்திர ஆசிரியராக வாழ்ந்தார். பள்ளி நேரத்துக்கு அப்பாலும் விடுமுறைகளிலும் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தந்தார். அவரிடம் கற்று ஓவியர்களாக வந்தவர்களில் பெண்களும் உண்டு. தாம் கற்ற முறையை மாணவர்மேல் சுமத்தாமல், ஒவ்வொருவரையும் அவரவர் வழியில் போகவிட்டவர். 1995 இடப்பெயர்வில் தம் வாழ்நாள் ஓவியங்களில் பெரும்பாலானவற்றை இழந்தார். 2000இல் மன்னாரில் காலமானார். அவர் வரைந்தவை அழிந்தன. அவரிடம் கற்றவர்கள் வரைந்துகொண்டிருக்கிறார்கள். ஆசிரியர் ஒருவரின் உழைப்பு எங்கே சேமிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

இவ்விடத்தில் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். நுவரெலியாவில் வளர்ந்தவர் பயிற்றிய ஆசிரியர்கள் நாட்டின் பல மூலைகளுக்கும் போனார்கள். பக்கத்து மலையிலிருந்த தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. அங்கே பெரும்பாலும் ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், கீழ் வகுப்புகள் மட்டும். தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வரத் தொடங்கியதே 1970களில்தான். பெயின்டர் மறைந்த காலம் அது. வாசிக்கவும் கணக்குப் போடவும் வழி தேடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சித்திரம் எட்டாத பாடமாகவே இருந்தது. மாநிற மனிதரைப் பெரிய சுவரில் ஏற்றிய ஓவியரின் சொந்த மலையில், மாநிறப் பெண் பிள்ளைகள் இளஞ்சிவப்புப் பெஸ்டலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இது அவருடைய பிழை அல்ல. ஆனாலும் நடந்தது அதுதான்.

ஓய்வுக்குப் பின் பெயின்டர் நுவரெலியாவுக்கே மனதைத் திருப்பினார். பெற்றோர் தொடங்கிய இல்லத்துப் பிள்ளைகளுக்காகத் தம் காலத்தையும் உழைப்பையும் செலவிட்டார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1968இல், 68ஆம் வயதில், கல்கிசை புனித தோமஸ் கல்லூரி ஆலயத்தில் இயேசு மறுரூபமான காட்சியைப் பெரும் சுவரோவியமாக வரைந்தார். அதில் இயேசுவுக்குத் தாடி இல்லை. இளைஞராக, பள்ளி மேல்வகுப்பு மாணவனின் அண்ணனைப் போல நிற்கிறார். பழகிய முகம் இல்லையே என்று சலசலப்பு எழுந்தது. ஓவியர் மாற்றவில்லை. இதுவும் பள்ளிக்கூடச் சுவர்தான். 1975ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி அவர் காலமானார்.

இன்று நம் பழைய மாணவியர் பலர் ஆசிரியைகள். சிலர் சித்திரமே படிப்பிக்கிறார்கள். சாதாரண தரத்தில் சித்திரம் எடுத்தால் படிப்பு வராத பிள்ளை என்று நினைக்கும் பெற்றோரை அவர்கள் தினமும் சந்திக்கிறார்கள். அவர்களுக்குப் பெயின்டரின் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள எளிய காரியங்கள் உண்டு. பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே கூட்டிப்போய் ஒரே ஒரு மலையை அரைமணி நேரம் பார்க்கச் செய்யலாம். காய்ந்த காற்றடிக்கும் ஓகஸ்ட் மாதத்துத் தேயிலையின் பச்சையும் மழைக்காலத்துப் பச்சையும் ஒன்றல்ல என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். பக்கத்தில் இருக்கும் தோழியின் கையை வரையச் செய்து, அந்தத் தோலுக்கு எந்த நிறங்களைக் கலக்க வேண்டும் என்று தேடவைக்கலாம். கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் எப்படிப் பதிகிறது என்று வீட்டில் அம்மாவைப் பார்த்து வரைந்துவரச் சொல்லலாம். இதற்குப் பணம் தேவையில்லை.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது கண்டியில் தலதா மாளிகையையும் தாவரவியல் பூங்காவையும் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். அந்தப் பட்டியலில் திரித்துவக் கல்லூரி ஆலயத்தையும் சேருங்கள். முன்கூட்டியே அனுமதி கேட்டுப் போங்கள். மதம் எதுவானாலும் பரவாயில்லை. அந்தச் சுவர்களின் முன்னால் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள். இதை வரைந்தவர் நம் பக்கத்து ஊரில் வளர்ந்தவர் என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, அம்மம்மாவின் முகத்தை வரையச் சொல்லுங்கள். பெஸ்டல் பெட்டியில் எந்த நிறத்தை எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.